எண்ணெய்க் கணக்கு யார் கையில்? டர்பன் கரையிலிருந்து ஒரு பார்வை

பெரிய வெள்ளிக்கிழமை டர்பனுக்குத் தெற்கே உள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். கும்பிட்டு, கூழ் குடித்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய் வருவது எங்கள் வீட்டு வழக்கம். அங்கே நின்று பார்த்தால் பல நாள் ஒரு பெரிய டேங்கர் கப்பல் கண்ணில் படும். துறைமுகத்துக்குள் போகாமல், நங்கூரமிட்டதுபோலவும் தெரியாமல், நடுக்கடலில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கும். "அது அங்க என்ன பண்ணுது?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும்.

அது பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மிதவையை. கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, கடலடியில் சங்கிலிகளால் கட்டப்பட்ட ஒற்றை மிதவை. டர்பன் துறைமுகத்துக்குள் நுழைய முடியாத அளவுக்கு ஆழமாக மூழ்கும் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் இதில் மூக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர்க் குழாய் வழியாகக் கச்சா எண்ணெயை இறக்கும். அங்கிருந்து அது கடலடிக் குழாயில் கரையேறும். தென்னாப்பிரிக்காவுக்கு வரும் கச்சா எண்ணெயில் பெரும்பங்கு பல பத்தாண்டுகளாக இந்த ஒரே மிதவை வழியாகத்தான் வந்தது. ஒரு நாட்டின் கழுத்து நரம்பு நாம் கூழ் குடித்துவிட்டுப் போய் நிற்கும் மணலுக்கு அடியில் ஓடுகிறது.

எரிசக்திப் பாதுகாப்பு என்றால் தேவையான எரிபொருள், தாங்கக்கூடிய விலையில், தடைபடாமல் கிடைப்பது. எல்லா நாடுகளும் இதையே சொல்கின்றன. அதை எப்படி உறுதி செய்வது என்பதில்தான் பாதைகள் பிரிகின்றன. கணக்கை மற்றவர்களுக்குக் காட்டி, பற்றாக்குறை வந்தால் பகிர்ந்துகொள்வோம் என்று சில நாடுகள் கூடிப் பேசின. எங்கள் நாடு கணக்கைப் பூட்டி வைத்தது. அந்தப் பூட்டின் விலையைக் கொடுத்தவர்களில் டர்பனின் தென்புறத்தில் வாழும் நாங்களும் உண்டு. அந்த விலை இன்னும் கட்டி முடியவில்லை என்பது என் எண்ணம்.

கதை 1973-ல் தொடங்குகிறது. அந்த அக்டோபரில் மூண்ட அரபு-இஸ்ரேல் போரின்போது அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாக எடுத்தன. நவம்பரில் அல்ஜீயர்ஸில் கூடிய அரபு உச்சிமாநாடு, ஆப்பிரிக்க நாடுகளின் வேண்டுகோளை ஏற்று, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கும் எண்ணெயை நிறுத்தியது. இங்கே வாகன வேகத்தை மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். வார இறுதியில் கராஜ்களில், அதாவது பெட்ரோல் நிலையங்களில், பெட்ரோல் விற்கக் கூடாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு ஸ்டாங்கரிலிருந்து வரவேண்டிய சொந்தங்கள், திரும்பிப் போக டேங்கில் எண்ணெய் மிஞ்சுமா என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினார்களாம். ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே ஆயா, "நிறுத்தினவங்க நல்ல காரியம் பண்ணாங்க" என்றும் சொல்வார். நிறவெறிக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை 1946-லேயே முதலில் நிறுத்திய நாடு இந்தியா. அரிசி பருப்பு முதல் சேலை வரை அதன் பாரத்தைச் சுமந்த குடும்பங்களுக்கு, நியாயமான தடை என்பது என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த அதிர்ச்சியில் பணக்கார நாடுகள் ஒன்று சேர்ந்தன. 1974 நவம்பரில் பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டு சர்வதேச எரிசக்தி முகமை பிறந்தது. இதன் மையத்தில் இருப்பது மிக எளிய ஏற்பாடு. ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் நிகர எண்ணெய் இறக்குமதியில் 90 நாளுக்கு ஈடான கையிருப்பை வைத்திருக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்பதை முகமைக்குத் தவறாமல் தெரிவிக்க வேண்டும். பெரும் தட்டுப்பாடு வந்தால் எல்லாரும் சேர்ந்து கையிருப்பைத் திறக்க வேண்டும். 1991 வளைகுடாப் போர், 2005 கத்ரீனா புயல், 2011 லிபியா உள்நாட்டுப் போர், 2022-ல் உக்ரைன் போருக்குப் பின் இரண்டு முறை என்று கூட்டாகத் திறந்தும் இருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் அறிவித்தது மட்டும் 12 கோடிப் பீப்பாய்.

இந்த ஏற்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பில் உறுப்பினராக இருந்தால்தான் முகமையிலும் உறுப்பினராகலாம். எண்ணெயை அதிகம் எரிப்பவருக்கு வாக்கின் எடையும் அதிகம். விற்பவர்களுக்கு 1960-ல் பாக்தாதில் தோன்றிய ஓபெக் இருக்க, வாங்கும் பணக்காரர்களுக்கு முகமை வந்தது. வாங்கும் ஏழைகளுக்கு இரண்டிலும் நாற்காலி இல்லை. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி இன்றுவரை அந்த மூன்றாவது கூட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் அடிப்படை, ஒருவர் கையிருப்பு மற்றவருக்குத் தெரிய வேண்டும் என்பது, சரியானது என்றே நினைக்கிறேன். வாயைத் திறக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு அரிசி தீர்ந்துவிட்டது என்று யாருக்குத் தெரியும்?

தென்னாப்பிரிக்கா அந்தப் பாதையில் போகவில்லை. போகவும் முடியாது, அதன் ஆட்சி அப்படி. ஈரான் மன்னர் அரபுத் தடையில் சேராததால் முதல் ஐந்து ஆண்டுகள் ஓடின. அந்த உறவு பழையது. மன்னரின் தந்தை ரேசா ஷா நாடு கடத்தப்பட்டு 1944-ல் இறந்தது ஜொகானஸ்பர்கில். சசோல்பர்கில் உள்ள நாட்ரெஃப் சுத்திகரிப்பு ஆலையில் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 17.5 சதவீதப் பங்கு இருந்தது. 1970-களின் இறுதியில் இந்த நாட்டின் கச்சா எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு ஈரானிலிருந்தே வந்தது. 1979 பிப்ரவரியில் மன்னராட்சி கவிழ்ந்தது. புதிய அரசு குழாயை மூடிவிட்டது.

அந்த ஆண்டுக் கடைசியில் எங்கள் கடலில் நடந்ததைச் சொல்லாமல் இந்த விஷயத்தை விளக்க முடியாது.

சேலம் என்று ஒரு டேங்கர். நம்மூர்ப் பெயர்போலக் காதில் விழும். அந்தச் சேலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1979 டிசம்பரில் குவைத்தில் ஏறத்தாழ 1,90,000 டன் கச்சா எண்ணெயை ஏற்றிக்கொண்டு, இத்தாலிக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டது. வழியிலேயே சரக்கு கைமாறி ஷெல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆப்பிரிக்கக் கரையோரம் வரும்போது கப்பலின் ஆங்கிலப் பெயரில் (SALEM) முதல் இரண்டு எழுத்துகளைப் பூசி மறைத்து, கடைசியில் ஒன்றைச் சேர்த்து, 'லெமா' (LEMA) ஆக்கினார்கள். டிசம்பர் கடைசியில் லெமா டர்பன் மிதவையில் கட்டிக்கொண்டு ஏறத்தாழ முழுச் சரக்கையும் இறக்கியது. காலியான தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கப்பல் சுமையோடு தாழ்ந்து தெரிய வேண்டுமே.

1980 ஜனவரி 17 அன்று செனகல் கரைக்கு அப்பால், கடல் மிக ஆழமான இடத்தில், சேலம் மூழ்கியது. அவ்வழியே வந்த பிரிட்டிஷ் ட்ரைடன்ட் என்ற கப்பல் மாலுமிகளை மீட்டது. வெடித்து மூழ்கும் கப்பலிலிருந்து உயிர்தப்பியவர்கள் என்றார்கள். ஆனால் அவர்கள் கையில் அடுக்கி வைத்த பெட்டிகள் இருந்தன, சாண்ட்விச் பொட்டலங்கள் இருந்தன. கப்பலின் தினக்குறிப்புப் புத்தகத்தை எடுக்கத்தான் நேரமில்லாமல் போயிற்றாம். இவ்வளவு கச்சா எண்ணெய் மூழ்கிய இடத்தில் கடல் மேல் படிய வேண்டிய எண்ணெய்ப் படலமும் இல்லை. காப்பீட்டு வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போய் 1983-ல் முடிந்தது.

இதை வெறும் கடற்கொள்ளைக் கதையாகப் படிக்கக் கூடாது. வாங்கியது ஓர் அரசு. விற்பவர் யார், கப்பல் யாருடையது என்று கேட்க முடியாத நிலைக்குத் தன்னைக் கொண்டுவந்துவிட்ட அரசு. கேள்வி கேட்காமல் வாங்குபவருக்கு யாரும் நல்ல விலைக்கு விற்பதில்லை. 1973 முதல் 1984 வரை எண்ணெய்க்கு வழக்கத்தைவிட 2,200 கோடி ராண்ட் கூடுதலாகக் கொடுத்தோம் என்று அன்றைய அதிபர் பி. டபிள்யூ. போத்தாவே 1986-ல் ஒப்புக்கொண்டார். அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் எழும்பியிருக்கும் என்று டர்பனின் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளான சாட்ஸ்வர்த்திலும் குவாமாஷுவிலும் வளர்ந்த யாரையும் கேட்டால் தெரியும்.

தடையைக் கண்காணித்தவர்களின் வேலையும் நினைவுகூரத்தக்கது. ஐ.நா. பாதுகாப்பு அவை எண்ணெய்த் தடையைக் கட்டாயமாக்கவே இல்லை. அதனால் 1980-ல் ஆம்ஸ்டர்டாமில் சில தன்னார்வலர்கள் கப்பல் போக்குவரத்து ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தவை லண்டனின் லாயிட்ஸ் வெளியிட்ட கப்பல் பயணப் பட்டியல்கள். வளைகுடாவிலிருந்து ஐரோப்பாவுக்கு என்று கிளம்பிய கப்பல், எந்த ஐரோப்பியத் துறைமுகத்தையும் தொடாமல், சில வாரங்களில் வளைகுடாவுக்கே திரும்பியிருந்தால், இடையில் அது எங்கே காலியானது? இந்த ஒரு கேள்வியை ஆயிரக்கணக்கான பயணங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பட்டியல் போட்டு, பெயர்களோடு வெளியிட்டார்கள். 1986-ல் ஐ.நா. பொதுச்சபையும் இதற்கென அரசுகளுக்கிடையே ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தது. மக்களாட்சி உறுதியானதும், 1993 டிசம்பரில் எண்ணெய்த் தடை நீங்கியது. இன்று ரஷ்ய எண்ணெய்மீது 2022 டிசம்பரில் விதித்த விலை உச்சவரம்பைச் சுற்றி ஓடும் நிழல் கப்பல்களைச் செயற்கைக்கோள் படம் பார்த்துப் பின்தொடர்கிறார்கள். கருவி மாறியிருக்கிறது, பெயரைப் பூசி மறைக்கும் வித்தை மாறவில்லை. இன்று அரசுகள் பிடித்துப் பார்க்கும் ஒரு பிடி காப்பீடு. காப்பீடு இல்லாத டேங்கரை நல்ல துறைமுகம் எதுவும் அனுமதிக்காது.

இனி சுத்திகரிப்பு ஆலை வேலிக்கு இந்தப் பக்கம், நாங்கள் குடியிருக்கும் பக்கம் வருகிறேன்.

தென் டர்பனின் மீர்பேங்கில் தெருக்களுக்கு இந்திய ஊர்ப் பெயர்கள். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் வேறு இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட தமிழ், தெலுங்கு, இந்திக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் வெண்ட்வொர்த்தில் 1954-லேயே நாட்டின் முதல் கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்டது; ஸ்டான்வாக், பிறகு மொபில், பிறகு எஞ்சன் என்று பெயர் மாறியது. 1963-ல் தெற்கே சாப்ரெஃப் என்ற இன்னொரு சுத்திகரிப்பு ஆலை வந்தது. நடுவில் காகித ஆலை, ரசாயனக் கிடங்குகள். என் ஆயா துணி காயப்போடும் முன் முற்றத்தில் நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார். காவடிக்கு எடுத்து வைத்த மஞ்சள் வேட்டி மட்டும் எப்போதும் வீட்டுக்குள், கதவின் மேல் காயும். அந்தக் கரி எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

ஏன் வழியில்லை என்றால் சட்டம் அப்படி. 1977-ல் வந்த பெட்ரோலியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் எண்ணெய் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது என்று எழுதுவதே குற்றமாயிற்று. 1980 ஜூனில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான உம்கோண்டோ வீ சிஸ்வே போராளிகள், நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுக்கும் சசோல் ஆலைகளில் குண்டு வைத்தார்கள். அதே ஆண்டு, இத்தகைய இடங்களின் பாதுகாப்பைப் பற்றிய தகவலை வெளியிடத் தடைபோட்ட தேசிய முக்கிய இடங்கள் சட்டம் வந்தது. 1984-ல் வெண்ட்வொர்த் ஆலைமீதே தாக்குதல் நடந்து போராளிகள் நால்வர் கொல்லப்பட்டார்கள். எதிரியிடமிருந்து காக்கவே இரகசியம் என்று அரசு சொன்னது. அந்த இரகசியத்தின் உள்ளே வேலியோரம் குடியிருந்த குழந்தைகளின் மூச்சும் அடங்கிப்போனது. சிம்னியிலிருந்து என்ன வெளியேறுகிறது என்ற கேள்வியும், தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியும் ஒரே பூட்டுக்குள் போயின. 2000-களின் தொடக்கத்தில் மீர்பேங்க் செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளியில் மருத்துவ ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது தெரிந்தது. நூறு பேருக்கு ஐம்பது. பள்ளிப் பையில் டிபன் டப்பாவோடு இன்ஹேலர் வைத்து அனுப்பிய தாய்மார்களுக்கு அந்த எண் புதிதாக இருக்கவில்லை.

1996 அரசமைப்புச் சட்டம் பிரிவு 24-ல் உடல்நலத்துக்குக் கேடு செய்யாத சூழலை உரிமையாக்கியது. பிரிவு 32-ல் அரசிடம் உள்ள தகவலைப் பெறுவதை உரிமையாக்கியது. இந்த இரண்டும் ஒரே அத்தியாயத்தில் இருப்பது தற்செயலாக இருக்கலாம். தென் டர்பனில் அவற்றைப் பிரிக்கவே முடியாது. அப்படியிருந்தும் முக்கிய இடங்கள் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்ற 2019 ஆனது. ஆட்சி மாறி 25 ஆண்டுகள்.

பூட்டின் பழக்கம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதை 2015 டிசம்பர் காட்டியது. கேப்டவுனுக்கு வடக்கே சல்டானா விரிகுடாவில், நிலத்துக்கு அடியில் ஆறு பிரம்மாண்டமான கான்கிரீட் தொட்டிகள் உண்டு. மொத்தக் கொள்ளளவு 4.5 கோடிப் பீப்பாய். தடைக்காலத்தில் நாட்டைக் காக்கவென்று கட்டியவை. அங்கே நாட்டின் அவசரக் கையிருப்பாக இருந்த ஏறத்தாழ ஒரு கோடிப் பீப்பாயை, உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல ஆண்டுகளில் இல்லாத அளவு சரிந்து கிடந்த நேரத்தில், திறந்த ஏலம் இல்லாமல், நிதியமைச்சகத்தின் உரிய ஒப்புதல் இல்லாமல், தனியார் வணிகர்களுக்கு விற்றுவிட்டார்கள். செய்தி வெளியே வரப் பல மாதங்கள் ஆயின. வந்தபோது, இது விற்பனையே இல்லை, இருப்பைச் சுழற்சி செய்கிறோம் என்று துறை அமைச்சர் விளக்கம் சொன்னார். 2020 நவம்பரில் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எண்ணெயில் பெரும்பகுதி தொட்டியை விட்டு நகரவே இல்லை. காகிதத்தில் மட்டும் கைமாறியிருந்தது.

முகமையின் 90 நாள் விதி இங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாதாமாதம் இருப்பைச் சொல்லும் கட்டாயம் இருந்தால், ஒரு கோடிப் பீப்பாய் குறைந்தது அடுத்த அறிக்கையிலேயே தெரிந்திருக்கும். தென்னாப்பிரிக்கா 2018-ல் முகமையின் இணைநாடாகச் சேர்ந்தது. இணைநாட்டுக்குக் கையிருப்புக் கட்டாயம் கிடையாது; கலந்துகொள்ளலாம், தரவு பரிமாறலாம். அதுவும் ஒரு தொடக்கம்தான். 2001-ல் ஓபெக், சர்வதேச எரிசக்தி முகமை, ஐ.நா. புள்ளியியல் பிரிவு உள்ளிட்ட ஆறு அமைப்புகள் சேர்ந்து எண்ணெய்த் தரவுகளைப் பொதுவில் வைக்கும் கூட்டு முயற்சியைத் தொடங்கின. வாங்குபவரும் விற்பவரும் ஒரே பேரேட்டில் எழுதச் சம்மதித்த அபூர்வமான இடம் அது. பெரிய மாநாடுகளின் கூட்டறிக்கைகளைவிட இத்தகைய சலிப்பூட்டும் மாதாந்திர அட்டவணைகள்தான் நாடுகளுக்கிடையே நம்பிக்கையை வளர்க்கின்றன என்று எனக்குப் படுகிறது.

அண்டை நாடுகளோடு கூட்டு என்றால் மொசாம்பிக்கின் கஹோரா பாசா அணையைச் சொல்ல வேண்டும். 1977 முதல் சுமார் 1,400 கிலோமீட்டர் கம்பியில் மின்சாரம் ஜொகானஸ்பர்க் பக்கம் வந்தது. அந்தக் கம்பித் தூண்களை, மொசாம்பிக் அரசை எதிர்த்துப் போரிட்ட ரெனாமோ படையினர் தகர்த்தார்கள். ரெனாமோவுக்கு ஆதரவு கொடுத்தது நிறவெறி அரசு. தான் வாங்கும் மின்சாரத்தைத் தன் கூலிப்படையே அறுக்க, கம்பி 1990-களின் பிற்பகுதி வரை முடங்கிக் கிடந்தது. 1995-ல் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் உள்ள பன்னிரண்டு நாடுகளை இணைக்கும் மின்தொகுப்பு உருவானது. 2023-ல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்து, பாதி நாள் விளக்கில்லாமல் இருந்தபோது, அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்.

திரும்பவும் வேலியோரம். 2020 டிசம்பர் 4 காலை எஞ்சன் ஆலையில் வெடிப்பு. அதன்பின் அது எண்ணெய் சுத்திகரிக்கவே இல்லை; அதைச் சேமிப்புக் கிடங்காக மாற்ற 2021-ல் முடிவானது. 2022 மார்ச் முடிவில் சாப்ரெஃப் உற்பத்தியை நிறுத்தியது. கந்தகம் குறைந்த எரிபொருளுக்கான புதிய தரத்துக்கு ஆலைகளை மாற்றப் பெரும் முதலீடு வேண்டும். போட உரிமையாளர்கள் முன்வரவில்லை. நிறுத்திய இரண்டு வாரத்தில் ஏப்ரல் வெள்ளம் வந்தது. குவாசூலு-நட்டாலில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த வெள்ளம் ஆலைக்குள்ளும் புகுந்தது. 2024-ல் அரசின் மத்திய எரிசக்தி நிதியம் அதை ஒரே ஒரு ராண்டுக்கு வாங்கிக்கொண்டது. இரண்டு ஆலைகளும் சேர்ந்து நாளுக்கு 3,00,000 பீப்பாய். நாட்டின் கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்புத் திறனில் பாதிக்கு மேல்.

இரவில் ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்த தீச்சுடர் அணைந்தது. மூச்சு கொஞ்சம் இலேசானது என்று சொல்பவர்கள் உண்டு. வேலை போன ஃபிட்டர்கள், வெல்டர்கள், அவர்களை நம்பிய கடைகள், அந்தக் கணக்கும் உண்டு. தெருவுக்குத் தெரு இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருக்கும்: மகளுக்கு இன்ஹேலர், அப்பாவுக்கு ஒப்பந்த வேலை.

எரிசக்திப் பாதுகாப்பில் ஏற்பட்ட மாற்றம் கவனிக்க வேண்டியது. முன்பு கச்சா எண்ணெயை வாங்கினோம். எந்த நாட்டுக் கச்சாவையும் ஓரளவு மாற்றி மாற்றிக் காய்ச்ச முடியும். இப்போது பெட்ரோலையும் டீசலையும் காய்ச்சிய நிலையிலேயே இறக்குமதி செய்கிறோம், வளைகுடாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும். அங்கே ஓர் ஆலை பழுதானாலோ, ஹோர்முஸ் நீரிணையில் போர்க்கப்பல்கள் நெருங்கினாலோ, டர்பன் கராஜில் வரிசை நீளும். சல்டானாவில் இருக்கும் கச்சாவை அவசரத்துக்குத் திறந்தாலும் காய்ச்ச ஆலை போதாது; இனிக் கையிருப்பு டீசலாகவும் பெட்ரோலாகவும் இருந்தால்தான் உதவும். பெட்ரோல் விலையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும் அந்த விலை, மீர்பேங்கிலேயே காய்ச்சிய காலத்திலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் என்ன விலையோ அந்தக் கணக்கில்தான் போடப்பட்டது. விலை ஏறும் செய்தி வந்த செவ்வாய் இரவு, கராஜில் வரிசையில் நின்றபடி மேலே எரியும் தீச்சுடரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஒரு ராண்டுக்கு வாங்கிய நிலத்தில் மறுபடி சுத்திகரிப்பு ஆலை கட்டலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. கட்டுவதா, தொட்டிகள் மட்டும் வைப்பதா, அல்லது வேறு எதுவுமா என்பதில் பொறியாளர்களும் பொருளாதார வல்லுநர்களும் சொல்லட்டும். என் கோரிக்கை அதற்கு முந்தையது. அங்கே என்ன சேமிக்கப்படும், எவ்வளவு, எந்த நாட்டோடு எந்த ஒப்பந்தத்தின் கீழ், காற்றில் மணிக்கு மணி என்ன கலக்கிறது, இவை எல்லாம் ஒரே பலகையில் எழுதி வேலிக்கு வெளியே, தெருவைப் பார்த்து நிற்க வேண்டும். தமிழிலும் சூலுவிலும் ஆங்கிலத்திலும். ஆயாவால் படிக்க முடியாது, அவர் போய்விட்டார். அடுத்த பெரிய வெள்ளிக்கு மணலில் நின்று அந்தக் கப்பல் என்ன செய்கிறது என்று கேட்கப்போகும் பிள்ளைக்குப் படிக்கத் தெரியும்.